ஊறப்போட்டு உலர்த்திய சுக்கினி

ஓய்வுபெற்ற தோட்டக்கலை உதவி அலுவலருக்கு வருகிற போன் பெரும்பாலும் மாடித் தொட்டியில் ரோஜா ஏன் பூக்கவில்லை என்று கேட்கத்தான் வரும். போன மாதம் வந்தது வேறு. என் பழைய ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கிற அலுவலர் பேசினார். விவசாயிகளின் கைபேசிக்காக ஒரு செயலி தயாராகிறதாம். அதில் சுக்கினி என்ற சீமைக் காய்க்கு ஒரு பக்கம். தமிழ் சரியாக இருக்கிறதா என்று நான் பார்த்துக் கொடுக்க வேண்டுமாம்.

"நீங்கதான் சார் இந்தப் பக்கம் மொதமொதல்ல சுக்கினி போட்டீங்கன்னு சொன்னாவ" என்றார்.

"போட்டது விவசாயிங்கம்மா. நான் பக்கத்துல நின்னேன்" என்றேன்.

பக்கம் வந்தது. முதல் வரியே, 'கடைசி உறைபனி முடிந்த பிறகு இளஞ்செடிகளை வீட்டுக்கு வெளியே நகர்த்தவும்' என்றது. எனக்கு நினைவு தெரிந்து கோவில்பட்டி வட்டாரத்தில் தரையில் பனிக்கட்டி கிடந்தது ஒரே ஒரு தடவைதான். கயத்தாறு ரோட்டில் மீன் லாரி கவிழ்ந்த அன்றைக்கு. அதற்கு முன்பும் பின்பும் இல்லை. ஆகவே எந்தத் தேதியில் வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்று ஓரத்தில் எழுதிவிட்டு, நானே சிரித்துக்கொண்டு இரண்டாவது வரிக்குப் போனேன்.

'நடுவதற்கு முன் ஒரு வாரம் நாற்றுகளைக் கடினப்படுத்தவும்.'

அதோடு சிரிப்பு நின்றுபோயிற்று. இதே வரியை, ஒரு எழுத்து மாறாமல், நான் ஒரு காலத்தில் எழுதி அச்சடித்து, பசுவந்தனைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வீடுவீடாகக் கொடுத்திருக்கிறேன். அது என்ன ஆயிற்று என்பதை அந்த அலுவலரிடம் போனில் சொல்ல முடியவில்லை. எழுதியே கொடுக்கிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் இவ்வளவு நீளம் வருகிறது.

என் படிப்பு, வேலைக்குச் சேர்ந்தது, இன்னின்ன ஊருக்கு மாற்றியது எல்லாம் யாருக்கும் வேண்டாம். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் பல வருடம் எனக்கு மானாவாரிப் பயிர்தான் வேலை. கழுகுமலை, பசுவந்தனைப் பக்கமெல்லாம் ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகப் போவேன். 'விதையைக் கடினப்படுத்தி விதையுங்கள்' என்பதுதான் என் கூப்பாடு. சோளமோ பருத்தியோ, விதையைப் பொட்டாஷ் உப்புக் கரைசலில் ஊறப்போட வேண்டும். பிறகு நிழலில் உலர்த்த வேண்டும். ஊறுவதற்கு முன்பு என்ன எடை இருந்ததோ அந்த எடைக்குத் திரும்ப வந்தால் விதை கடினப்பட்டுவிட்டது. அப்படி விதைத்தால் மழை பத்து நாள் தள்ளிப்போனாலும் பயிர் தாங்கும். நல்ல முறைதான். தொண்டை கட்ட நான் கத்தியதில் கரிசல் காட்டு ஜனங்களுக்கு 'கடினப்படுத்துதல்' என்ற சொல் அத்துப்படி ஆகிவிட்டது. அதில் எனக்குப் பெருமை வேறு.

பிறகு காய்கறிப் பக்கம் வந்தேன். அங்கே எனக்கு வாய்த்த மேலதிகாரி ஒரு அம்மா. மேடம் என்றே சொல்கிறேன். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று பல நாள் தோன்றும். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. விவசாயிக்குப் போகிற எந்தத் தாளையும் இரண்டு தடவை படிப்பார். முதல் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு மனசுக்குள். அது ஆபீசுக்கு. இரண்டாம் தடவை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வாய்விட்டு, நிறுத்தி நிறுத்தி. அது விவசாயிக்கு. இரண்டாம் தடவையில் பாதித் தாள் திரும்பி வந்துவிடும்.

நாற்றைக் கடினப்படுத்துவது என்றால் வேறு; வெளி வெயிலுக்கும் காற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவது. அதில் எனக்கு முதல் பாடம் அவர்தான் கொடுத்தார். நிழல்வலைக்குள் வளர்ந்த மிளகாய் நாற்றை ஒருநாள் காலை பதினொரு மணிக்கு நேராக வெட்டவெளியில் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் வெளுத்து அப்பளமாகிக் கிடந்தது. மேடம் வந்தார். ஒரு இலையை எடுத்தார். நொறுங்கிற்று.

"நீங்க கல்யாண மண்டபத்துல ஏசி ரூம்ல நாலு நாள் இருக்கீங்க. அஞ்சாவது நாள் மத்தியானம் செருப்பில்லாம கயத்தாறு பஸ் ஸ்டாண்டுல எறக்கிவிட்டா எப்படி இருக்கும்?"

"கஷ்டமா இருக்கும் மேடம்."

"இதுங்களால அதைச் சொல்லக்கூட முடியல" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் ஓய்வுபெறுவதற்கு இரண்டு வருடம் முன்புதான் சுக்கினி வந்தது. பார்த்தால் வெள்ளரி மாதிரி இருக்கும், வெட்டினால் சுரைக்காய் மாதிரி இருக்கும். பெரிய ஓட்டல்களில் கேட்கிறார்கள், கரிசலில் வருகிறதா என்று போட்டுப் பாருங்கள் என்று மேலிடத்து உத்தரவு. ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் நாக்கில் நிற்கவில்லை. ஒரே வாரத்தில் 'ஜிகினாக்காய்' ஆக்கிவிட்டார்கள்.

ஜிகினாக்காய் போட முன்வந்தவர்களில் ஒருவர் பேச்சியம்மாள். நாற்பது வயதிருக்கும். ஆடு வளர்க்கிற குடும்பம். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வடக்கே இருப்பார். குடும்பத்தில் முடிவெல்லாம் எடுப்பவர் வீட்டுக்காரரின் அண்ணன் கருப்பசாமி. அந்த வருடம் குடும்ப நிலம் முழுவதையும் சோலார் கம்பெனி ஒன்றுக்கு நீண்ட குத்தகைக்கு விடுவதாகப் பேசி முடித்திருந்தார். கிணற்றை ஒட்டிய பத்து சென்ட்டை மட்டும் தனக்கு விடும்படி பேச்சியம்மாள் கேட்டிருக்கிறார். கருப்பசாமி சொன்ன பதில் ஊருக்கே தெரியும். "கம்பெனிக்காரன் எல்லைக்கல் ஊன வாரப்ப அங்கன வெள்ளாமை நின்னா அது ஒனக்கு. வெறுங்காடா கெடந்தா கம்பெனிக்கு."

பேச்சியம்மாள் பத்து மேட்டுப்பாத்தி பிடித்து, சொட்டுநீர்க் குழாய் இழுத்து, நாற்றுக்குக் காத்திருந்தார். பாத்திக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஐம்பது குழி. கார்த்திகை பிறந்ததும் ஒரு திங்கட்கிழமை, நிழல்வலைக்குள் பன்னிரண்டு நாள் வளர்ந்த நாற்றைப் பத்துத் தட்டில் கொண்டுபோய் இறக்கினேன். கூடவே ஒரு அறிவிப்புத் தாள். மேடம் அந்த வாரம் கூட்டத்துக்குப் போயிருந்தார். வருகிறவரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் நானே எழுதி நானே அச்சுக்குக் கொடுத்திருந்தேன். நல்ல தாள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் பேச்சியம்மாளிடமிருந்து போன். "சார், கடினப்படுத்தியாச்சு."

ஒரு வார வேலை இரண்டு நாளில் எப்படி முடிந்தது என்று யோசித்துக்கொண்டே மறுநாள் காலையில் போனேன்.

வேப்பமரத்து நிழலில் பழைய சேலை விரித்திருந்தது. அதன்மேல் நானூறு சுக்கினி நாற்று, வேர் ஒரு பக்கம் இலை ஒரு பக்கமாக, வரிசை குலையாமல் படுத்திருந்தன. பக்கத்தில் ஒரு தராசு.

"வாங்க சார்" என்றார் பேச்சியம்மாள். முகமெல்லாம் சந்தோஷம். "நீங்க எழுதுனதுல ஒண்ணு விடல. தட்டோட முக்குனா நார்த்தூள் மெதக்குது. அதான் செடிய மட்டும் உருவி ராத்திரிபூரா ஊறப்போட்டேன். பொறவு நெழல்ல உலத்திட்டேன். பழைய எடைக்கு வந்துட்டு சார், ரெண்டு தடவ நிறுத்துப் பாத்தேன். பொட்டாஷ் உப்பு மட்டும் கெடைக்கல. வெறுந்தண்ணிதான். அது ஒண்ணுதான் கொற."

ஒரு நாற்றை எடுத்தேன். அது கையில் தொங்கிற்று. பழைய எடைக்கு வந்தது உண்மைதான். இன்னும் கொஞ்ச நேரத்தில் அதற்கும் கீழே போய்விடும்.

"இதை யாரும்மா ஒங்களுக்குச் சொன்னது?"

"நீங்கதான சார்! நான் கல்யாணம் ஆகி வந்த புதுசுல நீங்க மைக்ல சொல்லிட்டுப் போவீங்கள்ல. கடினப்படுத்துன்னா ஊறப்போடு, உலத்து, நிறு. மறக்குமா?"

மற்ற இரண்டு தட்டு எங்கே என்று கேட்டேன். ஊறப்போட்ட அண்டா நிறைந்துவிட்டதாம். ஆட்டுக் கொட்டகைக்குள் அப்படியே இருந்தன. அன்றைக்கு அந்த அண்டாவைவிட எனக்கு வேண்டப்பட்ட பொருள் உலகத்தில் இல்லை.

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. அப்போது வாயில் வந்தது வேறு. "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? தப்பால்ல புரிஞ்சிருக்கீங்க!"

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. நிமிர்ந்து நின்றிருந்தவர் அப்படியே சேலை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப இது பொழைக்காதா சார்?" கொட்டகை வாசலில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்த கருப்பசாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "செடியத் துவைச்சுக் காயப்போட்டிருக்கா, சார்" என்றார். அவர் சிரிக்கவில்லை. மத்தியானத்துக்குள் ஊர் சிரித்தது.

ஆபீசுக்கு வந்து அறிக்கை எழுதினேன். 'பயனாளியின் கவனக்குறைவால் எட்டுத் தட்டு நாற்றுகள் சேதம்.' மேடம் வந்திருந்தார். அறிக்கையோடு என் அறிவிப்புத் தாளையும் கேட்டு வாங்கினார். கண்ணாடியோடு ஒரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நாற்றுகளைக். கடினப். படுத்தவும்." நிறுத்தினார். "இந்த ஊர்ல கடினப்படுத்துறதுன்னா என்ன?"

"ஊறப்போட்டு உலத்துறது மேடம்."

"சொல்லிக்கொடுத்தது யாரு?"

"நாந்தான்."

"இந்தத் தாளை எழுதினது?"

"அதுவும் நாந்தான்."

"அப்ப அந்தம்மா கவனக்குறைவா எதுவும் செய்யலையே. ரொம்பக் கவனமா செஞ்சிருக்காங்க." பென்சிலால் 'பயனாளியின் கவனக்குறைவால்' என்பதை அடித்துவிட்டு 'அறிவிப்பின் பிழையால்' என்று எழுதினார். பீரோவைத் திறந்து மீதியிருந்த சுக்கினி விதைப் பொட்டலங்களை எடுத்து என்முன் வைத்தார். "எட்டுப் பாத்தியில நேரா விதைங்க. ரெண்டு தட்டையும் நீங்களே தினம் போய் வெயில்ல பழக்குங்க. முக்கியமா அந்தம்மாகிட்ட தப்பு நம்மளுதுன்னு சொல்லிடுங்க."

"சரி மேடம்" என்றேன். மூன்று வேலையில் இரண்டைச் செய்தேன்.

மறுநாளே எட்டுப் பாத்தியில் விதை ஊன்றினோம், விரலின் முதல் கணு ஆழத்தில். வெட்டவெளியில் முளைக்கிற செடிக்கு வெயிலை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தட்டில் இருக்கிற நூறு செடிக்குத்தான் பாடு.

ஆட்டுக்காரர் வீட்டில் இளஞ்செடியை வெளியே வைப்பது எப்படி என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை. மோட்டார் ரூம் மொட்டைமாடியில் வைக்கலாம் என்றார் பேச்சியம்மாள். தளச் சூடு வேரை அவித்துவிடும் என்றேன். கடைசியில் ஒரு கயிற்றுக் கட்டிலில் தட்டுகளை வைத்து, கட்டிலைச் சுற்றி உடைமுள் அடைத்தோம். ஆடுகள் வந்து முள்ளைத் தின்றன. அடுத்த நாள் இரண்டு மடங்கு முள்.

முதல் நாள் சாயங்காலம் நாலரை மணிக்குக் கட்டிலை வெயிலுக்கு இழுத்தோம். பொழுது சாய்ந்தபின் உள்ளே கொண்டுபோகவில்லை. நம் ஊர்க் கார்த்திகை இரவு செடியை ஒன்றும் செய்யாது, பனி ஈரம் நல்லதுதான். மறுநாள் காலை ஆறரையிலிருந்து எட்டு வரை வெயில், பிறகு மர நிழல், சாயங்காலம் மறுபடி வெயில். அதற்கடுத்த நாள் ஒன்பதரை வரை. அன்றைக்குக் கொண்டல் காற்று எழும்பிவிட்டது. வெயிலை நினைத்தே காவல் இருந்த எனக்குக் காற்று ஞாபகமே இல்லை. இலைகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிய ஆரம்பித்தன. பேச்சியம்மாள் ஓடிப்போய் இரண்டு சாக்கைப் பிரித்துக் கட்டிலின் கிழக்குப் பக்கம் கட்டினார். காற்று முழுக்க நிற்கவில்லை, பாதி வந்தது. அந்தப் பாதி செடிக்கு வேண்டியதுதான். ஆடி ஆடித்தான் தண்டு பருக்கும்.

தண்ணீர் காலையில் ஒரு தடவை மட்டும். மத்தியானம் இலை லேசாகத் தொங்கும், பதறக் கூடாது. சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் சரியாகிவிட்டது. காலையிலேயே தொங்கினால்தான் உடனே தண்ணீர். ஐந்தாம் நாள் முழுப் பகலும் வெயிலில் விட்டோம். பேச்சியம்மாள் சாப்பிடக்கூடப் போகாமல் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நானும் எதிரே உட்கார்ந்திருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "தண்ணி ஊத்திராதீங்க" என்றேன்.

ஆறாம் நாள் காலையில் அவர் இலைக்காம்பைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "சுணைக்குது சார்!"

தொட்டுப் பார்த்தேன். நீர் கோத்து வெளிறிக் கிடந்த காம்பு பச்சை ஏறி, சொரசொரவென்று கையைக் குத்திற்று. சுணை வந்துவிட்டால் செடி வெளியே வாழத் தயார். இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது, எந்தத் தாளிலும் இதை நான் எழுதியதும் இல்லை. அன்றைக்கு நாற்றுக்கு வயது இருபத்தொன்று. அதற்கு மேல் தட்டில் விட்டால் வேர் குழிக்குள்ளேயே சுற்ற ஆரம்பித்துவிடும்.

முந்தின நாளுக்கு முந்தின நாள் தூறல் விழுந்திருந்தது. கரிசல் ஈரமாக இருந்தால் காலைப் பிடித்துக்கொள்ளும், வேரை மூச்சுவிட விடாது. ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போட்டேன். சப்பென்று ஒட்டாமல் மூன்றாக உடைந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் நட்டோம். தண்டைப் பிடித்து இழுக்காமல் தட்டின் அடி ஓட்டை வழியாக விரலால் தள்ளி, மண்கட்டி உதிராமல் எடுத்து, தட்டில் எவ்வளவு ஆழம் இருந்ததோ அதே ஆழத்தில். நூறும் பிடித்துக்கொண்டது.

கம்பெனிக்காரர்கள் கல் ஊன்ற வந்தது பதினெட்டாம் நாள்; மேடம் என்னைச் சொல்லச் சொன்ன நாளிலிருந்து நான் வைத்திருக்கிற கணக்கு அது. அதற்கு முந்தின நாள் ராத்திரி போன் வந்தது. "சார், நாளைக்குக் கல் ஊன வாராவ. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க சார்."

போனேன். அளக்கிறவர்கள் இரண்டு பேர் நின்றார்கள். வண்டியில் கல். இரண்டு பாத்தியில் செடி முழங்கால் அளவு நின்று அகல இலை விரித்திருந்தது, சிலதில் மொட்டுகூட இருந்தது. மற்ற எட்டுப் பாத்தியில் விதைத்தது முளைத்து மூன்று இலையில் இருந்தது. வரப்பிலிருந்து பார்த்தால் வெறும் கறுப்பு மண்தான் தெரியும். குனிந்தால்தான் பச்சை.

கருப்பசாமி வரப்பில் நின்றபடி என்னிடம் சொன்னார். "சார், நான் சொன்ன சொல்லு மாறமாட்டேன். ரெண்டு பாத்தி வெள்ளாமை. அது அவளுக்கு. எட்டுப் பாத்தி வெறுங்காடு. அதைக் கெடுத்தது அவதான, நான் இல்லையே?"

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார். முளைத்து நிற்கிறதே என்று நான் சொல்வேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார். கிணறு அந்த எட்டுப் பாத்திப் பக்கம்தான் இருக்கிறது. இரண்டு பாத்தியை வைத்துக்கொண்டு தண்ணீருக்கு அவர் எங்கே போவார்?

"கெடுத்தது அவிய இல்ல அண்ணாச்சி" என்றேன். "நாந்தான். தாள்ல தப்பா எழுதுனது நான். அவிய அதுல இருந்தபடி அச்சுப் பிசகாம செஞ்சாவ. நான் ஒழுங்கா எழுதியிருந்தா இன்னைக்குப் பத்துப் பாத்தியும் இந்த ஒசரம் நிக்கும்."

கருப்பசாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆபீஸ் கெடுத்ததா?"

"ஆமா."

"அதை மொதல்லயே சொல்லக்கூடாதா சார்" என்றார். அதை நம்புவதற்கு அவருக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. அளக்கிறவர்களைப் பார்த்துக் கையை வீசினார். "ஏலே, கல்லக் கெணத்துக்கு அங்கிட்டுப் போடுங்கலே. இந்தப் பத்து சென்ட்டு இதுல சேராது."

வண்டி நகர்ந்தது. கருப்பசாமியும் அதன் பின்னால் போனார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. பேச்சியம்மாள் நன்றி சொல்வார் என்றுகூட, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நினைப்பு இருந்தது.

அவர் பாத்திக்குள் குனிந்து ஒரு களையைப் பிடுங்கினார். நிமிராமலே கேட்டார்.

"எத்தன நாளா சார் தெரியும்?"

"பதினெட்டு நாளா."

பிடுங்கிய களையின் வேரில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டித் தட்டி உதிர்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பதினெட்டு நாளும் எங்க வீட்டுல எம்பேரு கூறுகெட்டவ சார். எம்மவளும் அப்படித்தான் கூப்பிட்டா."